அன்லிமிடெட் என்றால் எவ்வளவு?

மதிய நேரத்தில் ஏதாவது ஒரு மெஸ்ஸுக்குள் நுழைந்தால் போர்டில் இரண்டு விதச் சாப்பாடு எழுதியிருக்கும். ஒன்று அளவுச் சாப்பாடு. இன்னொன்று அன்லிமிடெட் மீல்ஸ். அளவுச் சாப்பாடு வாங்கியவர் வந்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். பரிமாறுபவரோடு சண்டை போட மாட்டார். அன்லிமிடெட் வாங்கியவருக்கு சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று ஒவ்வொன்றுக்கும் சோறு வரும். எதற்குக் காசு கொடுத்தோம் என்பது இரண்டு பேருக்குமே உட்காரும்போதே தெரியும்.

இப்போது வேறொரு மெஸ்ஸைக் கற்பனை செய்து பாருங்கள். போர்டில் அன்லிமிடெட் என்றுதான் இருக்கிறது. சாம்பாருக்குச் சோறு கேட்டபோது அள்ளி அள்ளிப் போட்டார்கள். ரசத்துக்குக் கேட்டதும் பரிமாறுபவர் ஒரே ஒரு பருக்கையை எடுத்து இலையில் வைக்கிறார். ஒரு நிமிஷம் கழித்து இன்னொரு பருக்கை.

"என்னங்க இது? அன்லிமிடெட்னு போட்டிருக்கே?"

"அன்லிமிடெட்தான் சார். எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்காருங்க. வெச்சுக்கிட்டே இருப்போம். வேகம் மட்டும்தான் கொஞ்சம் கம்மி."

இப்படி ஒரு மெஸ் இருந்தால் ஒரு வாரத்தில் இழுத்து மூடிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் இந்தியாவில் இணைய இணைப்பு பல வருஷமாக இப்படித்தான் விற்பனை ஆகிறது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் 'அன்லிமிடெட்'. அதன் தலைக்கு மேல் ஒரு குட்டி நட்சத்திரம். அந்த நட்சத்திரம் எங்கே போகிறது என்று தேடினால், பக்கத்தின் அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் நாலு வரி. உண்மையான விலைப்பட்டியல் அந்த நாலு வரிதான்.

அளவு வைப்பது தப்பா? இல்லை. அளவுச் சாப்பாடு போடுவது ஒன்றும் குற்றம் இல்லையே. அளவை மறைப்பதும், அளக்கும் கோலை விற்பவர் மட்டுமே வைத்துக்கொள்வதும், சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆளே இல்லாமல் செய்வதும்தான் பிரச்சினை. இந்த மூன்றும் எப்படி வந்தன என்று பார்க்கக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

சுவர்க் கடிகாரம் இருந்த காலம்

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்க ஆரம்பித்தது. முதலில் கிடைத்த ஊர்களில் மெட்ராஸும் ஒன்று. அப்போது விற்கப்பட்டது மணி நேரம். இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு ரூபாய். டெலிபோன் லைன் வழியாக டயல் செய்ய வேண்டும், மோடம் கீச்சுக் குரலில் கத்தும், பாதியில் லைன் கட் ஆகும், மறுபடி டயல் செய்ய வேண்டும். இணையக் கட்டணம் தனி, டெலிபோன் பில் தனி. நெட்டில் இருக்கும்போது ஊரில் இருந்து மாமா போன் செய்தால் என்கேஜ்டு டோன்தான் கேட்கும்.

வேகம் இல்லை, விலையும் அதிகம். ஆனாலும் அதில் ஒரு நேர்மை இருந்தது. விற்கப்பட்ட பொருள் மணி. அதை அளக்கும் கருவி எல்லார் வீட்டுச் சுவரிலும் மாட்டியிருந்தது. பிரவுசிங் சென்டரிலும் அதே கதைதான். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், கழித்தால் கணக்கு. கடைக்காரர் பத்து நிமிஷம் கூட்டிச் சொன்னால் கையில் கட்டியிருக்கும் வாட்சைக் காட்டி வாதாடலாம்.

2004-ல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டது. எப்போதும் இணைப்பில் இருக்க வேண்டும், குறைந்தது 256 கேபிபிஎஸ் வேகம் இருக்க வேண்டும், அதற்குப் பெயர்தான் பிராட்பேண்ட் என்று வரையறுத்தார்கள். 2005-ல் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் என்ற பெயரில் வீடுகளுக்கு பிராட்பேண்ட் கொடுக்க ஆரம்பித்தது. நடுத்தரக் குடும்பங்களுக்குள் இணையம் நுழைந்தது இந்த வழியாகத்தான், அதை யாரும் மறக்க முடியாது. ஆனால் சத்தம் இல்லாமல் அங்கே ஒரு மாற்றம் நடந்தது. விற்கிற பொருள் மணியில் இருந்து மெகாபைட்டுக்கு மாறியது. மெகாபைட்டை அளக்க யார் வீட்டுச் சுவரிலும் எதுவும் இல்லை.

250 ரூபாய் திட்டம் பலருக்கு ஞாபகம் இருக்கும். மாதம் 1 ஜிபி. அதற்கு மேல் போனால் ஒரு எம்பிக்கு 90 காசு. 90 காசுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் கூடுதலாக ஒரு ஜிபிக்கு 900 ரூபாய்க்கு மேல் வரும். 2007-ன் தொடக்கத்தில் வேகத்தை 2 எம்பிபிஎஸ் வரை உயர்த்தினார்கள். எல்லாரும் கொண்டாடினார்கள். ஆனால் அளவு மட்டும் அதே 1 ஜிபி. 2 எம்பிபிஎஸ் வேகத்தில் 1 ஜிபி தீர எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? சுமார் ஒரு மணி ஏழு நிமிஷம். ஒரு மாதத்துக்கான கோட்டாவை ஒரு சினிமாவின் இடைவேளைக்குள் முடித்துவிடலாம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு வந்த இரண்டாவது சர்வீஸ் பேக் மட்டுமே 260 எம்பிக்கு மேல். வைரஸ் வராமல் இருக்க அதைப் போட்டவருக்கு மாதக் கோட்டாவில் கால் பங்கு காலி.

விளைவு என்ன? 250 ரூபாய் பில்லை எதிர்பார்த்த அப்பாவின் கைக்கு ஆயிரக்கணக்கில் பில் வந்தது. பையன் "நான் ஒண்ணுமே டவுன்லோடு பண்ணலப்பா" என்பான். அவன் சொன்னது பல வீடுகளில் உண்மையாகவும் இருந்திருக்கும், ஏனென்றால் கம்ப்யூட்டர் தானாகவே இறக்கிக்கொண்டதும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. நிரூபிக்க முடியாது. மறுக்கவும் முடியாது. எக்ஸ்சேஞ்சில் போய்க் கேட்டால், "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் காட்டுது" என்பதே இறுதித் தீர்ப்பு.

500 ரூபாய் திட்டத்தில் விடியற்காலை 2 மணி முதல் 8 மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை இருந்தது. அதற்காகவே இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்த ஒரு தலைமுறை தமிழ்நாட்டில் உண்டு. பரீட்சைக்குக்கூட அந்த நேரத்தில் எழுந்திருக்காத பிள்ளைகள் அவர்கள்!

யாருக்கு நியாயம்?

பில் அதிர்ச்சி பெரிய தலைவலி ஆனதும் நிறுவனங்கள் வழியை மாற்றின. அளவு தாண்டினால் காசு இல்லை, வேகம் குறையும். இதற்கு வைத்த பெயர் நியாயமான பயன்பாட்டுக் கொள்கை. பெயரை நன்றாகக் கவனியுங்கள். அளவைத் தாண்டிப் பயன்படுத்துபவர் நியாயம் இல்லாதவர் என்ற குற்றச்சாட்டு அதற்குள்ளேயே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதை முழுக்கப் பயன்படுத்துவது எப்படி அநியாயம் ஆகும் என்று கேட்கக் கூடாது.

இதில் டிராய் அமைப்பு தலையிடாமல் இல்லை. 2012-ல் ஒரு உத்தரவு போட்டது. எந்த அளவுவரை என்ன வேகம், அதற்குப் பிறகு என்ன வேகம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. 2016 அக்டோபரில் இன்னொரு உத்தரவு. வீட்டு பிராட்பேண்டில் அளவு முடிந்த பிறகும் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது, 50, 90, 100 சதவீதம் தீரும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்றது. நல்ல விஷயங்கள்தான்.

ஆனால் அதே 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, தேசத்தின் இணையமே செல்போனுக்கு இடம் மாறிவிட்டது. விலை தடாலென்று விழுந்தது உண்மை. ஒரு ஜிபியை ஒரு மாதம் வைத்துக் காப்பாற்றியவர்கள் ஒரே நாளில் ஒரு ஜிபி செலவழிக்க ஆரம்பித்தார்கள். அந்த நன்மையை மறுத்துப் பேசினால் அது நேர்மை ஆகாது. ஆனால் நட்சத்திரம் மட்டும் மறையவில்லை. மாத அளவு போய் நாள் அளவு வந்தது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, அதற்குப் பிறகு 64 கேபிபிஎஸ் 'அன்லிமிடெட்'.

இந்த 64 கேபிபிஎஸ் என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 5 எம்பி அளவுள்ள ஒரு பிடிஎஃப் நோட்ஸ் இறங்கப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஒருவர் தூங்காமல், சாப்பிடாமல், 24 மணி நேரமும் அந்த வேகத்தில் இறக்கிக்கொண்டே இருந்தாலும் கிடைப்பது 700 எம்பிகூட இல்லை. அதாவது எல்லையே இல்லாதது என்று விற்கப்படும் பொருளுக்கு எல்லை இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்கில் அதைக் கண்டுபிடித்துவிடலாம். இத்தனைக்கும் 2023 ஜனவரியில் அரசு பிராட்பேண்ட் என்பதற்கான குறைந்தபட்ச வேகத்தை 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியது. 64 கேபிபிஎஸ் என்பது அதில் முப்பதில் ஒரு பங்கு.

நாள் கணக்கிலும் ஒரு வித்தை உண்டு. 28 நாள் திட்டம். மாதம் ஒரு தடவை ரீசார்ஜ் செய்வதாக நினைத்துக்கொண்டிருப்பவர் உண்மையில் வருஷத்துக்குப் பதின்மூன்று தடவை செய்கிறார். இதுபற்றிப் புகார்கள் குவிந்த பிறகுதான், 30 நாள் திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் டிராய் சொன்னது. மாதம் என்றால் மாதம் என்று சொல்ல ஒரு உத்தரவு தேவைப்பட்டது!

வகுப்பு பாதியில் நின்றபோது

இதெல்லாம் சினிமா பார்ப்பவர்கள் கவலை என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. 2020-ல் அந்த வாதம் செத்துப்போனது. கொரோனா வந்து கல்லூரிகளை மூடிய பிறகு வகுப்பு, தேர்வு, அசைன்மெண்ட், வைவா எல்லாமே செல்போனுக்குள் வந்துவிட்டன. வீடியோ வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபியில் இருந்து ஒரு ஜிபிவரை இழுக்கும். காலையில் இரண்டு வகுப்பு முடிவதற்குள் ஒன்றரை ஜிபி காலி. மூன்றாவது வகுப்பில் வாத்தியார் முகம் அப்படியே உறைந்து நிற்கும். வீட்டில் ஒரே போன், இரண்டு பிள்ளைகள் என்றால் யார் வகுப்புக்குப் போவது என்று அம்மா முடிவு செய்ய வேண்டியிருந்தது.

பிரச்சினை கற்பனை இல்லை என்பதற்கு அரசே சாட்சி. 2021 ஜனவரி முதல் ஏப்ரல்வரை தினமும் 2 ஜிபி கிடைக்கும் இலவச டேட்டா கார்டுகளைத் தமிழக அரசு ஒன்பதரை லட்சத்துக்கும் அதிகமான கல்லூரி மாணவர்களுக்கு அறிவித்தது. புத்தகம், சைக்கிள், லேப்டாப் வரிசையில் டேட்டாவும் வந்துவிட்டது. படிப்புக்கு அது எவ்வளவு அடிப்படைத் தேவை என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டாம்.

நிறுவனங்கள் சொல்வது என்ன?

அவர்கள் பக்கமும் கேட்க வேண்டும். இணையம் காற்றில் விளைவதில்லை. சென்னைக் கடற்கரையில் இருந்து சிங்கப்பூருக்கு 2002-ல் போட்ட ஐ2ஐ மாதிரியான கடலடிக் கேபிள்களுக்கும், ஊருக்குள் தோண்டும் பள்ளங்களுக்கும், டவருக்கும், அலைக்கற்றைக்கும் கோடி கோடியாகச் செலவு. ஒரே குழாயைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. வீட்டு இணைப்புகளில் அதிகபட்சம் 50 பேருக்கு ஒரு பங்கு என்பதுதான் 2009-ல் டிராய் வைத்த வரம்பு. ஒரு வீடு மட்டும் இரவும் பகலும் இறக்கிக்கொண்டே இருந்தால் பக்கத்து வீட்டுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதனால் அளவு அவசியம் என்கிறார்கள்.

நியாயம்தான். ஆனால் நெரிசல் என்பது நேரத்தைப் பொறுத்தது. ராத்திரி எட்டில் இருந்து பதினொன்றுவரை எல்லாரும் ஒரே சமயத்தில் உட்காருகிறார்கள், அப்போதுதான் குழாய் நிரம்புகிறது. விடியற்காலை நாலு மணிக்கு ஒருவர் பத்து ஜிபி இறக்கினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. யாரும் தொடாத பைட்டை மிச்சம் பிடித்து அடுத்த மாதம் விற்க முடியாது, அது அரிசி இல்லை. இருபதாம் தேதி கோட்டா தீர்ந்தவரை மாதக் கடைசிவரை இருபத்துநாலு மணி நேரமும் ஊர்ந்து போகச் செய்வதால் எட்டு மணி நெரிசல் தீராது. அந்தப் பழைய 2 மணி சலுகையில் இந்த அறிவு இருந்தது. அதைப் பெரிதாக்காமல், தினசரி கோட்டாவாகச் சுருக்கிவிட்டார்கள்.

இன்னொரு சாட்சி வெளிநாட்டில் இருந்து வந்தது. 2020 மார்ச்சில் அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் வீட்டு இணைப்புகளுக்கான டேட்டா வரம்பைத் தற்காலிகமாக எடுத்துவிட்டது. ஊரே வீட்டுக்குள் அடைந்து இணையத்தில் உட்கார்ந்திருந்த சமயம் அது. அளவு இல்லாவிட்டால் நெட்வொர்க் படுத்துவிடும் என்பது உண்மையானால், படுத்திருக்க வேண்டிய நேரம் அதுதான். படுக்கவில்லை.

தராசு யார் கையில்?

காய்கறிக் கடைத் தராசில் முத்திரை இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் அதைச் சோதிப்பார்கள். பெட்ரோல் பங்க்கில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவுக் குடுவையைக் கொண்டுவரச் சொல்லி அளந்து பார்க்கலாம். மின்சார மீட்டர் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கணக்கெடுப்பவர் அட்டையில் எழுதியதும் மீட்டரில் ஓடுவதும் ஒன்றுதானா என்று எழுத்தறிவு இல்லாத பாட்டிகூட பேரனைக் கூப்பிட்டுச் சரிபார்த்துவிடுவார்.

டேட்டாவுக்கு? மீட்டர் விற்பவரிடம் இருக்கிறது. நிறுவனங்களின் மீட்டரிங், பில்லிங் முறைகளைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று 2006-ல் இருந்தே டிராய் விதி இருக்கிறது, அது உண்மை. ஆனால் அது மொத்த சிஸ்டத்துக்கான தணிக்கை. ஒரு தனி மனிதர், "செவ்வாய்க்கிழமை மத்தியானம் 900 எம்பி எங்கே போச்சு?" என்று கேட்டால் அதற்குப் பதில் அங்கே கிடைக்காது. போனில் இருக்கும் டேட்டா கணக்கு ஒன்று காட்டும், நிறுவனத்தின் ஆப் இன்னொன்று காட்டும். இரண்டும் மோதினால் ஜெயிப்பது எது என்று சொல்லவே வேண்டாம்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்"

கோட்டா குழப்பத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். கஸ்டமர் கேருக்குப் போன் போடுவது அதைவிடப் பெரிய தண்டனை. தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், பிளானுக்கு இரண்டை அழுத்தவும், புதிய ஆஃபருக்கு மூன்றை அழுத்தவும். மனிதரோடு பேச எதை அழுத்துவது என்பது கடைசிவரை வராது. பாட்டு ஓடும். நடுநடுவே "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்". அவ்வளவு முக்கியம் என்றால் எடுக்கலாமே!

எடுத்தால்:

"சார், மோடத்தை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"மூணு தடவை பண்ணிட்டேங்க. நேத்து பேசினவங்களும் இதையேதான் சொன்னாங்க."

"புரியுது சார். இன்னொரு தடவை பண்ணிப் பாருங்க. கம்ப்ளெயிண்ட் ரிஜிஸ்டர் பண்ணிடறேன், 48 மணி நேரத்துல சரியாயிடும்."

48 மணி நேரம் கழித்து ஒரு எஸ்எம்எஸ் வரும். 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது.' மோடத்தில் சிவப்பு விளக்கு மட்டும் அப்படியே எரிந்துகொண்டிருக்கும். அடுத்த எஸ்எம்எஸ்ஸில், எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்பார்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கம் பேசும் பையனையோ பெண்ணையோ திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர்களில் பலர் போன வருஷம் டிகிரி முடித்தவர்கள். இதைப் படிக்கும் சில பேர் அடுத்த வருஷம் அதே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காரலாம். கையில் கொடுத்த தாளைத் தாண்டிப் பேச அவர்களுக்கு அனுமதி இல்லை. பில்லைத் திருத்தும் அதிகாரம் இல்லை. லைன்மேனை அனுப்பும் அதிகாரம் இல்லை. வாடிக்கையாளரின் கோபத்தை வாங்கிக்கொள்வதற்காக மட்டும் வேலைக்கு வைத்த ஆள் அவர். அதிகாரம் உள்ளவரின் நம்பர் எந்த விளம்பரத்திலும் இருக்காது.

பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள் என்பார்கள். செல்போனில் 2011-ல் இருந்து நம்பரை மாற்றாமலே கம்பெனி மாறலாம். வீட்டு இணைப்பில் அப்படியா? பல தெருக்களில் ஒரே ஒரு நிறுவனத்தின் கேபிள்தான் இருக்கிறது. விடுதியிலோ வார்டன் கைகாட்டும் இணைப்புதான்.

எங்கே போய்க் கேட்பது?

சட்டத்தில் வழி இருக்கிறது. முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அங்கே புகார் எண் தர வேண்டும். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. 2012-ல் வந்த விதிகளின்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. இந்த மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருப்பதே எத்தனை பேருக்குத் தெரியும்?

அதற்கு மேல் நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்பதிலேயே பல வருஷம் குழப்பம். 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தைக் காட்டி, போகக் கூடாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பிறகு ஒரு வழக்கு வந்தது. மாதம் சராசரியாக 555 ரூபாய் பில் கட்டிவந்த அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவருக்கு, 2013 நவம்பர், டிசம்பரில் ஒரு மாத பில் 24,609 ரூபாய் வந்தது. 2014-ல் அவர் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். அங்கே வழக்குப் போட உங்களுக்கு உரிமை இல்லை என்று நிறுவனம் வாதாடியது. படிப்படியாக உச்ச நீதிமன்றம்வரை போய், 2022 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பு வந்தது. நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று.

நல்ல தீர்ப்பு. ஆனால் ஏறக்குறைய எட்டு வருஷம் கழித்து முடிவானது என்ன? அந்த பில் சரியா தப்பா என்பது இல்லை. அந்தக் கேள்வியை எந்த வாசலில் போய்க் கேட்கலாம் என்பது மட்டும்தான். எல்லாரும் அவரைப்போல விடாப்பிடியாக நிற்க மாட்டார்கள். ஐநூறு ரூபாய் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். கோடிக்கணக்கான பேர் அப்படி விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கஸ்டமர் கேர் இப்படி இருக்கிறது.

என்ன கேட்கலாம்?

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். மெஸ் போர்டு அளவுக்கு நேர்மை இருந்தால் போதும்.

முதலாவது, ஒரு அளவுக்குப் பிறகு வேகம் குறையும் என்றால் அந்தத் திட்டத்தை அன்லிமிடெட் என்று விற்கக் கூடாது. 'தினம் ஒன்றரை ஜிபி, பிறகு 64 கேபிபிஎஸ்' என்பதை விலை எழுதியிருக்கும் அதே எழுத்து அளவில் போட வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டில் சத்து விவரம் போடுவதுபோல, வேகம், அளவு, கட்டணம் எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் காட்டும் லேபிளை அமெரிக்காவில் 2024 ஏப்ரலில் இருந்து பெரிய நிறுவனங்களுக்குக் கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். இங்கேயும் முடியாதது இல்லை.

இரண்டாவது, மணி வாரியாக எவ்வளவு டேட்டா போனது என்ற கணக்கை வாடிக்கையாளர் எப்போது கேட்டாலும் தர வேண்டும். தகராறு வந்தால், சரியாக அளந்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு அளந்தவருடையது.

மூன்றாவது, புகார் தீர்ந்தது என்று முடிவு செய்ய வேண்டியவர் புகார் கொடுத்தவர். அவர் சொல்லாமல் அந்த எஸ்எம்எஸ் போகக் கூடாது. மேல்முறையீட்டு அதிகாரியின் விவரம் ஒவ்வொரு பில்லிலும், புகார் எண் வரும் ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸிலும் இருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் பக்கமும் செய்ய வேண்டியது உண்டு. போனில் கத்துவதைவிட எழுத்தில் கேட்பது பலம். புகார் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும், ஸ்பீட் டெஸ்ட் படங்களைத் தேதியோடு சேமிக்க வேண்டும், மேல்முறையீடு செய்ய வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

அளவுச் சாப்பாடு என்று போர்டு வைத்திருந்தால் யாரும் சண்டைக்குப் போகப்போவதில்லை. பசிக்கு ஏற்ற மாதிரி இன்னொரு கிண்ணம் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். அன்லிமிடெட் என்று உட்காரவைத்துவிட்டு ஒற்றைப் பருக்கையாக வைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. அந்த எரிச்சலோடு கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் அங்கே ஓடுவது பாட்டு!